குப்பைமேனி நுண்ணுயிரைக் கொல்லுமா? ஆய்வுக்கூடம் சொல்வதும் சொல்லாததும்

மழை பெய்து ஓய்ந்த சில நாள்களில் அபிஷேகப்பாக்கத்தின் வேலியோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் குப்பைமேனி தழைத்துவிடுகிறது. அதனை விதைத்தவர் எவருமில்லை. ஆயினும் அதன் பயனை அறியாத வீடும் இப்பகுதியில் அரிது. சொறி சிரங்கு கண்டால் அதன் இலையோடு மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசுவதும், குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டினால் இலைச்சாற்றைப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வதும் தலைமுறைகளாக வழங்கிவரும் கைவைத்தியம்.

மருத்துவமனைக்கு வருவோர் பலர் இப்பொழுது இன்னொரு செய்தியையும் கொண்டு வருகின்றனர். “குப்பைமேனி கிருமியைக் கொல்லும் என்று ஆராய்ச்சியிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாமே! பிறகு எதற்கு இந்த மாத்திரை?” என்பதே அவர்களின் கேள்வி. கேள்வி நியாயமானது. அத்தகைய ஆராய்ச்சி நடந்திருப்பதும் உண்மை. ஆனால் அந்த ஆராய்ச்சி எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டால், அதன் விளைவை நோயாளியே தாங்க நேரும். ஆகவே, ஒரு மூலிகையின் நுண்ணுயிர் எதிர்ப்பாற்றல் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாக இக்கட்டுரையில் காண்போம்.

முதற்படி: செடி எது?

ஆய்வு தொடங்குவது நுண்ணோக்கியில் அன்று. செடியை அடையாளம் காண்பதில். நம் நாட்டில் ஒரு செடிக்குப் பல பெயர்கள். ஒரே பெயருக்குப் பல செடிகள். குப்பைமேனிக்கே பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் அதனை நாடி வந்து புரளும் என்பதால் அமைந்த பெயர் அது. கீழாநெல்லி என்ற பெயரிலோ ஒன்றோடொன்று மிகவும் ஒத்த பல செடிகள் பறிக்கப்படுகின்றன.

எனவே ஆய்வாளர்கள் பறித்த செடியின் ஒரு கிளையைப் பூவும் காயுமாக உலர்த்தி, தாளில் ஒட்டி, தாவரவியல் வல்லுநரிடம் காட்டி அதன் அறிவியற் பெயரை உறுதிசெய்கின்றனர். அந்த மாதிரி உலர்தாவரச் சேமிப்பகம் ஒன்றில் வைக்கப்படும். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் அத்தகைய பெரிய சேமிப்பகம் ஒன்று உள்ளது. பின்னாளில் ஐயம் எழுந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். குப்பைமேனியின் அறிவியற் பெயர் அகாலிஃபா இண்டிகா.

இரண்டாம் படி: சாறு பிரித்தல்

நாம் வீட்டில் இலையைக் கசக்கியோ அரைத்தோ சாறெடுக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, மெத்தனால், எத்தில் அசிட்டேட், குளோரோஃபார்ம், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைக்கின்றனர். ஒவ்வொரு கரைப்பானும் இலையிலுள்ள வெவ்வேறு பொருள்களைக் கரைத்தெடுக்கும். பிறகு கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் எஞ்சுவது அடர்ந்த பசை போன்ற சாரம்.

இவ்வேறுபாடு சிறியதன்று. சீன அறிஞர் தூ யூயூ 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஒரு மூலிகையைக் கொதிக்கவைத்து எடுத்த சாரம் நிலையான பயனைத் தரவில்லை. குறைந்த வெப்பத்தில் ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு எடுத்தபோதுதான் அதன் ஆற்றல் வெளிப்பட்டது. ஆர்ட்டிமிசினின் என்ற அம்மருந்துக்காக அவருக்கு 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. செடி ஒன்றேயாயினும் சாரம் ஒன்றன்று என்பது இதனால் விளங்கும். ஆய்வில் பயன்பட்ட மெத்தனால் சாரமும் நாம் அம்மியில் அரைத்த விழுதும் ஒரே மருந்தாகா.

மூன்றாம் படி: தட்டில் சோதனை

கடைகளில் ‘சைனா கிராஸ்’ என்று விற்கப்படும் கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் இறுகிக் கூழ்க்கட்டியாகும் அன்றோ? அவ்வகையைச் சேர்ந்த அகர் என்னும் பொருளோடு நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உணவைக் கலந்து, வட்டமான தட்டில் ஊற்றி இறுகச் செய்கின்றனர். அதன்மேல் சோதனைக்குரிய பாக்டீரியாவைப் பஞ்சினால் சீராகத் தடவுகின்றனர். தடவும் நீர்மத்தில் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 கோடி முதல் 20 கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்குமாறு அளவு வகுக்கப்பட்டுள்ளது. பிறகு சாரத்தில் நனைத்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, உடல் வெப்பத்தையொத்த 35 பாகை செல்சியஸ் அளவில் ஓர் இரவு முழுவதும் வைத்திருக்கின்றனர்.

மறுநாள் காலையில் தட்டு முழுவதும் பாக்டீரியா வெண்படலமாகப் படர்ந்திருக்கும். சாரத்துக்கு ஆற்றல் இருப்பின், வில்லையைச் சுற்றி மட்டும் படலமின்றித் தெளிவான வட்டம் ஒன்று தோன்றும். இதுவே தடை வளையம். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து குறிக்கின்றனர்.

நேர்மையான சோதனையில் அதே தட்டில் வேறு இரண்டு வில்லைகளும் இருக்கும். ஒன்றில் கரைப்பான் மட்டுமே இருக்கும். வளையம் செடியினால் வந்ததா, கரைப்பானால் வந்ததா என்பதை அது காட்டும். மற்றொன்றில் மருத்துவமனையில் வழங்கும் எதிருயிரி மருந்து இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். நோயாளியின் சீழையோ சிறுநீரையோ ‘கல்ச்சர்’ சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து பலிக்கும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

அண்ணாமலை நகரில் கண்டது என்ன?

அபிஷேகப்பாக்கத்திலிருந்து கடலூர் வழியாகத் தெற்கே சென்றால் சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலை நகர் வரும். அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குப்பைமேனி இலையின் ஆற்றலைச் சோதித்து 2008ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஹெக்சேன், குளோரோஃபார்ம், எத்தில் அசிட்டேட், மெத்தனால் ஆகிய நான்கு கரைப்பான்களில் சாரங்கள் எடுக்கப்பட்டன.

முடிவைப் புரிந்துகொள்ளப் பாக்டீரியாக்களின் இரு பெரும் பிரிவுகளை அறிதல் வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்ற மருத்துவர் 1884ஆம் ஆண்டு வெளியிட்ட சாயமேற்றும் முறையில் ஊதா நிறத்தைத் தக்கவைத்துக்கொள்பவை ‘கிராம் பாசிட்டிவ்’; தக்கவைக்காதவை ‘கிராம் நெகட்டிவ்’. பின்னவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அது பல பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கும் கவசம். கொப்புளங்களிலும் சீழ்ப்புண்களிலும் பெரிதும் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முதற்பிரிவைச் சேர்ந்தது. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை, நிமோனியாவை உண்டாக்கவல்ல கிளெப்சியெல்லா ஆகியவை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை.

குப்பைமேனிச் சாரங்கள் சோதித்த கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களை அடக்கின. கிராம் நெகட்டிவ் பிரிவில் சூடோமோனாஸ் ஒன்றைத் தவிர ஏனையவை அடங்கவில்லை.

இம்முடிவை நம் கைவைத்தியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோற்புண்ணுக்கு இலையைப் பூசிய நம் முன்னோரின் பட்டறிவுக்கு இதில் ஓரளவு ஆதரவு கிடைக்கிறது. புண்ணில் சீழ் உண்டாக்கும் பாக்டீரியா முதற்பிரிவைச் சேர்ந்ததாயிற்றே! ஆனால் சிறுநீர்த் தொற்றுக்குக் குப்பைமேனி போதும் என்று எண்ணுவோருக்கு அதே ஆய்வு மாறான விடையைத் தருகிறது. சொறிநோய்க்குக் காரணம் பாக்டீரியாவே அன்று, தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணி என்பதையும் மறக்கலாகாது. அந்த உண்ணியை இத்தட்டுச் சோதனை தொடவே இல்லை.

அளவு என்னும் கேள்வி

வளையம் தோன்றிய பிறகு, எவ்வளவு குறைந்த அளவில் சாரம் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் என்று பார்க்கின்றனர். சாரத்தைப் பாதிப் பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போவதே வழி. மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்ற அளவிலிருந்து நான்கு முறை பாதியாக்கினால் 0.156 மில்லிகிராம் வரும். குப்பைமேனி ஆய்வில் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களைத் தடுத்த குறைந்தபட்ச அளவு இவ்விரண்டு எண்களுக்கு இடையே அமைந்தது.

இது சிறிய அளவாகத் தோன்றலாம். மருத்துவமனையில் பயன்படும் வான்கோமைசின் என்ற மருந்தோடு ஒப்பிட்டால் நிலை விளங்கும். மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைந்த அளவில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அடங்கினால்தான் அம்மருந்து அதற்குப் பலிக்கும் என்று கொள்வர். 0.156 மில்லிகிராம் என்பது 156 மைக்ரோகிராம்; அதாவது ஏறத்தாழ 78 மடங்கு. 2.5 மில்லிகிராம் என்பது 1,250 மடங்கு. சாரம் பல பொருள்களின் கலவை என்பதால் தூய மருந்தோடு அதனை நேருக்கு நேர் நிறுத்துவது முற்றும் பொருந்தாது. ஆயினும் நோயாளி குடிப்பது அக்கலவையைத்தானே!

இன்னொரு கணக்கும் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் இரத்தத்தில் நீர்ப்பகுதி ஏறக்குறைய 3 லிட்டர். அதில் மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் சாரம் இருக்கவேண்டுமானால் 7.5 கிராம் சாரம், சிறிதும் வீணாகாமல், ஒரே நேரத்தில் இரத்தத்தில் நிற்கவேண்டும். ஆனால் வயிற்றுக்குள் செல்வது முழுவதும் இரத்தத்தை அடைவதில்லை. அடைந்ததையும் கல்லீரல் மாற்றிவிடுகிறது, சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. தட்டின்மேல் வைத்த வில்லைக்கு இந்தத் தடைகள் எவையும் இல்லை.

பாக்டீரியாவுக்கு மட்டுமா நஞ்சு?

சலவைத்தூளை வில்லையில் வைத்தாலும் பெரிய வளையம் தோன்றும். அதனை நாம் குடிப்பதில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் மனித உடலை விட்டுவைக்குமா என்பதைத் தட்டுச் சோதனை சொல்லாது.

குப்பைமேனியையே எடுத்துக்கொள்வோம். சிலருக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக இருக்கும். சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் நொதி அது. இக்குறை ஆண்களிடம் மிகுதி. தமக்கு இக்குறை இருப்பதையே பலர் அறியார். ஏனெனில் அன்றாட வாழ்வில் அது தொல்லை தருவதில்லை. இத்தகையோர் குப்பைமேனி சேர்ந்த மூலிகைக் கஞ்சியைக் குடித்தபின் அவர்களின் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990களில் மருத்துவ இதழ்களில் பதிவு செய்துள்ளனர். சிறுநீர் கறுத்துப் போதல், கண் மஞ்சளாதல், மூச்சிரைப்பு, கடுஞ்சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள்.

இன்னொரு சான்று ஆடுதின்னாப்பாளை. நம் நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்ற இச்செடியிலும் இதன் இனச்செடிகளிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகத் தரப்பட்ட மூலிகை மருந்தில் இவ்வினச் செடியொன்று கலந்திருந்தது. அதனால் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதாயின. இந்த அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும் உறுதிசெய்யப்பட்டுள்ளது. மூலிகையானால் தீங்கில்லை என்ற எண்ணம் எப்பொழுதும் சரியாக இருப்பதில்லை.

வளையத்திலிருந்து மருந்து வரை

வளையம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டா. பெனிசிலின் கதையே ஒரு வளையத்தில் தொடங்கியதுதான். 1928ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் தட்டொன்றில் பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா வளராதிருக்கக் கண்டார். ஆனால் 1940 மே மாதத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 8 எலிகளுக்குத் தொற்றை ஏற்றி, 4 எலிகளுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தனர். மருந்து பெற்றவை பிழைத்தன. பெறாதவை மறுநாளுக்குள் இறந்தன. 1941 பிப்ரவரியில் கடுந்தொற்றால் துன்புற்ற காவலர் ஒருவருக்கு அது செலுத்தப்பட்டது. அவர் தேறிவந்தார், ஆயினும் மருந்து தீர்ந்துபோகவே, மார்ச் மாதத்தில் உயிரிழந்தார். தட்டில் கண்ட வளையத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு இருந்தது. அதன்பிறகும், முழுக் குணம் பெறப் போதிய அளவில், போதிய நாள்கள் மருந்து தேவை என்ற பாடத்தை அக்காவலரின் இறப்பு கற்பித்தது.

மூலிகை ஆய்வும் அவ்வாறே தொடரவேண்டும். சாரத்தில் செயல்படும் பொருளைத் தனியே பிரித்தல், மனித உயிரணுக்களில் அதன் நஞ்சுத்தன்மையைப் பார்த்தல், விலங்குகளில் சோதித்தல், பின்னர் ஒப்புதல் பெற்ற மனிதரிடம் படிப்படியாகச் சோதித்தல் என நீளும் வழி அது.

வளையம் தோன்றாத செடியையும் அறிஞர்கள் உடனே தள்ளிவிடுவதில்லை. பெர்பெரின் என்பது மரமஞ்சளில் உள்ள மஞ்சள்நிறப் பொருள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதனைத் தன்னுள் நுழைந்தவுடன் இறைப்பி போன்ற ஓர் அமைப்பால் வெளியே தள்ளிவிடும். அதனால் அதன் ஆற்றல் குன்றித் தோன்றும். பெர்பெரின் உள்ள சில செடிகளிலேயே அந்த இறைப்பியை அடைக்கும் மற்றொரு பொருளும் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு கண்டறிந்தனர். தனியே பிரித்தால் தளர்ந்திருக்கும் பொருள், துணையோடு சேர்ந்தால் வலுப்பெறுகிறது.

இத்தேடல் இன்று மிகவும் இன்றியமையாதது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் என மதிப்பிடப்பட்டுள்ளது. எதிருயிரி மருந்துகளைத் தேவையின்றி உண்பது இந்நிலையை வளர்க்கிறது. ஆகவே மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் அவற்றை வாங்கி உண்ணலாகாது.

நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்யவேண்டியவை

1. மருத்துவர் எழுதிக்கொடுத்த எதிருயிரி மருந்தை, மூலிகை எடுத்துக்கொள்கிறோம் என்ற காரணத்தால் நிறுத்தாதீர்கள். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள்.

2. வீட்டில் குடித்த கஷாயம், பூசிய பச்சிலை எதுவாயினும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இயன்றால் செடியின் ஒரு கிளையையோ மருந்துப் பொட்டலத்தையோ கொண்டு வாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்கும் இது மிகவும் தேவை.

3. நீரிழிவு நோயாளியின் கால்புண், தீப்புண், ஆழமான வெட்டுக்காயம், அறுவைத் தையல் ஆகியவற்றின்மேல் பச்சிலை விழுதைப் பூசாதீர்கள். இலையில் ஒட்டிய மண்ணில் இசிவு நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வித்துகள் இருக்கக்கூடும். காயத்தைத் தூய நீரால் கழுவி, மூடி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

4. சளிக்காகப் பச்சிளங்குழந்தைக்குச் சாறு புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் சென்றால் உயிருக்கே இடராகும். குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதம் கூடாது.

5. ஜி-6-பி-டி குறை இருப்பதாக அறியப்பட்டவர்கள் குப்பைமேனியை உட்கொள்ளவே கூடாது. அச்செய்தியை எழுதிய சீட்டை எப்பொழுதும் உடன் வைத்திருங்கள். எவருக்காயினும் மூலிகை உண்டபின் சிறுநீர் கறுத்தால், அதனை உண்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

6. சித்த மருத்துவத்தை நாட விரும்பினால், பதிவு பெற்ற சித்த மருத்துவரை நாடுங்கள். அவர் தந்த மருந்தின் விவரத்தை எங்களிடமும் காட்டுங்கள். இரு தரப்பினரும் ஒருவர் தருவதை மற்றவர் அறிந்திருத்தல் நோயாளிக்கு நன்மை.

வேலியோரத்துக் குப்பைமேனியை இகழவும் வேண்டா. அதனிடம் இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்லவும் வேண்டா. அண்ணாமலை நகர் ஆய்வு அதனிடம் ஆராயத்தக்க ஆற்றல் உண்டு என்று காட்டியது. அவ்வாற்றல் நோயாளிக்கு ஏற்ற மருந்தாகுமா என்பதற்கு இன்னும் பல படிகள் உள்ளன. அதுவரை, உங்கள் வீட்டுக் கைவைத்தியத்தைப் பற்றி எங்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். நீங்கள் தரும் அச்செய்தி, சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு உதவும்.